ஷீட் வெட்டப் போகிறீர்களா? கிரைண்டரைக் கீழே வையுங்கள்

சென்னைப் புறநகரில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டை மாடிகளுக்கு மேல் நீலம், பச்சை, செங்கல் சிவப்பு என்று ஷீட் கூரைதான். வெயில் இறங்காமல் இருக்க, தளம் ஒழுகாமல் இருக்க, மழைக்காலத்தில் துணி காய, வீட்டு விசேஷத்துக்குப் பந்தி போட என்று ஆளுக்கொரு காரணம். போட்ட புதிதில் எல்லாக் கூரையும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு ஐப்பசி, கார்த்திகை போகட்டும். அப்புறம் பாருங்கள். சில கூரைகளில் மட்டும் விளிம்பை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழுப்புக் கோடு ஓடும். பக்கத்திலேயே வண்ணத்தின் மேல் பொடிப்பொடியாகத் துருப் புள்ளிகள் இருக்கும். அடுத்த வீட்டுக்காரரும் அதே கம்பெனி ஷீட்டைத்தான் வாங்கியிருப்பார், அதே கோடையில்தான் போட்டிருப்பார். அவர் கூரையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்காரர் ஷீட்டைத்தான் சந்தேகப்படுவார். "டூப்ளிகேட் தள்ளிட்டான்" என்பார். நான் பார்த்த வரையில், இப்படிப்பட்ட கூரைகளில் பெரும்பாலும் ஷீட் நல்ல ஷீட்தான். அதை எதைக் கொண்டு வெட்டினார்கள் என்பதில்தான் கோளாறு. சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் ஷீட் வேலை நடக்கும்போதெல்லாம் கூடவே நிற்பது என் வழக்கம். ஷீட்டின் தடிமன், பிராண்டு, நிறம் பற்றி வாரக்கணக்கில் விசாரிக்கும் யாரும், "அண்ணே, எதுல வெட்டுவீங்க?" என்று ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கையில் இருக்கும் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். அரை மில்லிமீட்டர் என்று விற்கிற கலர் ஷீட்டின் நடுவில் இருப்பது எஃகு. அதன் இரண்டு பக்கமும் ஓர் உலோகப் பூச்சு. அதற்கு மேல் ப்ரைமர், அதற்கும் மேல் நாம் பார்க்கும் வண்ணம். மேல்பக்க வண்ணப் படலம் சாதாரணமாக 20 மைக்ரான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. உலோகப் பூச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏ.இஸட். 150 என்று ஷீட்டில் அச்சடித்திருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்று அதற்குப் பொருள். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் வரும். இருபது, முப்பது வருடம் மழையையும் உப்புக் காற்றையும் தாங்கப்போவது இந்த மெல்லிய படலங்கள்தான்.

அந்தப் பூச்சு பெரும்பாலும் கால்வால்யூம் வகை. 55 சதவீதம் அலுமினியம், 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே துத்தநாகம், மிச்சம் சிலிக்கான். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 1972-இல் சந்தைக்குக் கொண்டு வந்த கலவை இது. அலுமினியம் மழைநீர் எஃகைத் தொடாமல் மறைக்கிறது. துத்தநாகத்தின் வேலை வேறு. எங்காவது கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அந்த எஃகைக் காப்பாற்றும். ஷீட்டை வெட்டினால் விளிம்பில் அரை மில்லிமீட்டர் எஃகு திறந்துதான் கிடக்கும். அது சட்டென்று துருப்பிடிக்காததற்கு, இரு பக்கத்திலும் ஒட்டி நிற்கும் துத்தநாகம்தான் காரணம். பழைய ஜி.ஐ. ஷீட்டில் பூச்சு கிட்டத்தட்ட முழுக்கத் துத்தநாகம் என்பதால் வெட்டு விளிம்பை அது இன்னும் நன்றாகவே காத்தது. கால்வால்யூம் மொத்தத்தில் ஜி.ஐ.யைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் வெட்டு விளிம்பு என்று வந்தால் அது கொஞ்சம் பலவீனம். அதனால் விளிம்பில் நாம் காட்டும் கவனம் முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

இனி கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிங் மெஷின், ஏ.ஜி. ஃபோர், ஹேண்ட் கிரைண்டர் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் நான்கு அங்குல வட்டுப் போட்ட அந்த மெஷின் இல்லாத ஃபேப்ரிகேட்டர் தமிழ்நாட்டில் இல்லை. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது எஃகை வெட்டுவதில்லை, தேய்த்துத் தேய்த்து எரிக்கிறது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், 907 டிகிரியில் ஆவியாகிவிடும். வட்டு போன வழியெங்கும் வண்ணம் கருகும், துத்தநாகம் ஓடிவிடும். விளிம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே இல்லாமல், பிசிறு பிசிறாக எஃகு மட்டும் நிற்கும். அந்தப் பழுப்புக் கோடு இப்படித்தான் பிறக்கிறது.

புள்ளிகளுக்குக் காரணம் பொறி. கிரைண்டரிலிருந்து பூத்தூவலாகப் பறக்கிறதே, அது ஒவ்வொன்றும் எரியும் எஃகுத் துகள். ஷீட்டின் மேல் விழுந்ததும் வண்ணத்தை உருக்கி உள்ளே பதிந்துகொள்ளும். துடைத்தால் போகாது. ராத்திரிப் பனி போதும், ஓரிரு நாளில் துகள் துருவேறும். முதலில் அது வெறும் கறைதான், ஷீட் உடனே ஓட்டையாகிவிடாது. ஆனால் துகள் பதிந்த இடத்தில் படலம் உடைந்திருக்கிறது. கடலோரத்தில், பெசன்ட் நகர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடங்களில், அந்த உடைசல் வேகமாகப் பரவும். உராய்வு வட்டால் வெட்டாதீர்கள் என்று ஷீட் தயாரிப்பாளர்களின் வழிகாட்டிகளிலேயே சொல்லியிருப்பார்கள். அப்படி வெட்டினால் வாரன்டி செல்லாது என்பதும் அதில் இருக்கும். அந்தத் தாள் நம் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் சிக்கல்.

இதை நான் ஒரு ஃபேப்ரிகேட்டரிடம் சொன்னபோது அவர், "சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா ரேட்டு சதுர அடிக்கு. மூணு ஆளோட வந்திருக்கேன். கிரைண்டர்ல ஒரு ஷீட்டு ஒரு நிமிஷம். கத்திரில வெட்டுனா கை போயிரும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரிடம் இருக்கும் மெஷின் அது. பைப்பு வெட்ட, வெல்டிங்கைத் தேய்க்க, ஆங்கிளைச் சீவ, எல்லாவற்றுக்கும் அதுதான். ஷீட்டுக்கென்று தனி மெஷின் வாங்க அவருக்குக் காசு கொடுப்பவர் யார்? கேட்கிறவரும் இல்லை. எனவே இந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்றே நினைக்கிறேன். பேச்சு முடிக்கும்போதே, "ஷீட்டை கிரைண்டர்ல வெட்டக் கூடாது, அதுக்கு ஆகிற கூடுதல் கூலியை நான் தர்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். லட்சக்கணக்கில் செலவாகும் கூரையில் அந்தக் கூடுதல் கூலி ஒரு பொருட்டே இல்லை.

சரி, வேறு எதில் வெட்டுவது? அதற்கு முன்னால், வெட்ட வேண்டிய இடங்களைக் குறைப்பது எப்படி என்று பார்த்துவிடுவோம்.

கலர் ஷீட் ரோல் ஃபார்மிங் மெஷினில் தட்டைச் சுருளாக நுழைந்து மேடும் பள்ளமுமாக வெளியே வருகிறது. நாம் கேட்கிற நீளத்தில், ஷீட்டின் வடிவத்துக்கே செய்த கத்தி ஒரே அமுக்கில் நறுக்கும். பொறி இல்லை, சூடு இல்லை. கத்தி இறங்கும்போது பூச்சையும் கொஞ்சம் இழுத்து விளிம்பின் மேல் தடவிவிட்டுப் போகும். அதைவிடச் சுத்தமான வெட்டு மாடியில் யாராலும் கொடுக்க முடியாது. ஆகவே 12 அடி, 14 அடி என்று கடையில் இருக்கும் நீளத்தை வாங்கி வந்து மாடியில் கழிப்பதைவிட, ட்ரஸ் நின்ற பிறகு அளந்து, அங்குலம் வரை எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். சில நாள் தாமதமாகும், தாமதமாகட்டும்.

அளக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நம் ஊர் மனைகள் முக்கால்வாசி கோணல். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட நான்கு அங்குலம் கூட இருந்தால், கூரையும் அந்தக் கோணலை வாங்கிக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு ஷீட்டின் நுனியையும் சாய்வாகக் கழிக்க ஆரம்பிப்பார்கள். தேவையில்லை. ஷீட்டுகளை நேராகவே போட்டுவிட்டு, அந்தக் கோணலை முகட்டு மூடியின் அடியிலோ பக்கவாட்டு ஓரத்தை மூடும் ஃப்ளாஷிங் தகட்டின் அடியிலோ ஒளித்துவிடலாம். கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய முனை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஆலையில் நறுக்கிய முனை தண்ணீர் சொட்டும் பக்கம், அதாவது காட்டர் பக்கம் இருக்கட்டும். நம் கையால் வெட்டிய முனை முகட்டு மூடிக்குள் போகட்டும். சொட்டும் முனைதான் கூரையில் அதிக நேரம் ஈரமாக இருக்கும் இடம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஷீட்டைத் திருப்பிப் போட்டால் போதும், ஆனாலும் கவனிக்க ஆளில்லாததால் பல கூரைகளில் இது நேர் எதிராகவே இருக்கிறது.

இப்போது கருவிகள். கையால் வெட்டும் கத்திரியிலிருந்து தொடங்குகிறேன். பழைய தகரக் கடைகளில் பார்த்திருப்போமே, நீளக் கைப்பிடியும் கனமான அலகுமாக, அந்தத் தகரக் கத்திரி தட்டைத் தகட்டுக்கு அருமையான கருவி. டப்பா, புனல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் வெட்டியவைதான். மேடு பள்ளமுள்ள கூரை ஷீட்டில் அதன் நீள அலகு திரும்பாது. அங்கே வேண்டியது ஏவியேஷன் ஸ்னிப். விமானத் தகடு வெட்டுவதற்காக வந்த கருவி, பெயரும் அப்படியே தங்கிவிட்டது. அலகு குட்டை. உள்ளே இரட்டை நெம்புகோல் இருப்பதால் கையின் பலம் பெருகும். கைப்பிடியின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு நேராகவும் இடப்பக்கம் வளைத்தும் வெட்ட, பச்சை நேராகவும் வலப்பக்கம் வளைத்தும் வெட்ட. மூன்றையும் வாங்க முடியாது என்றால் மஞ்சளை விட்டுவிடுங்கள். சிவப்பும் பச்சையும் ஜோடியாக இருந்தால் மஞ்சள் செய்யும் வேலை முழுக்க அவற்றிலேயே நடந்துவிடும். அலகுக்கு மேலே கைப்பிடி உயர்ந்து வளைந்திருக்கும் மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள், வெட்டும்போது விரல்கள் ஷீட்டின் விளிம்பில் படாது.

ஸ்னிப்பில் வெட்டும்போது அலகைக் கடைசி வரை மூடக் கூடாது. நுனி மூடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, முன்னால் தள்ளி, அடுத்த கடி கடிக்க வேண்டும். முழுக்க மூடினால் ஒவ்வொரு கடிக்கும் விளிம்பில் ஒரு சின்னக் கிழிசல் விழும். அந்த முள் கையையும் கிழிக்கும், துருவையும் அழைக்கும். இன்னொன்று, எல்லாத் தகடும் கைக்கு ஒன்று போல் இருக்காது. கூரை ஷீட்டுக்குப் பெரும்பாலும் 550 மெகாபாஸ்கல் வலுவுள்ள விறைப்பான எஃகைப் போடுவார்கள். ஃப்ளாஷிங் மடிக்கும் தகடு அதைவிட மிருது. ஒரே தடிமன், ஒரே ஸ்னிப், ஆனால் கூரை ஷீட்டில் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். "கத்திரில வெட்டுனா கை போயிரும்" என்று அந்த ஃபேப்ரிகேட்டர் சொன்னது இதைத்தான். முகட்டு மூடியில் சின்ன வெட்டு, மூலையில் ஒரு மடிப்பு வெட்டு, குழாய்க்கு ஓர் ஓட்டை, இந்த அளவுக்கு ஸ்னிப் போதும். இருபது ஷீட்டின் குறுக்கே வெட்டச் சொல்லி யாரையும் வதைக்கக் கூடாது.

குறுக்கு வெட்டுக்கு நிப்லர். என்னைக் கேட்டால் கூரை வேலைக்கென்று ஒரே ஒரு மெஷின் வாங்குவதானால் இதுதான். உள்ளே ஒரு சின்னப் பஞ்ச், அதற்கடியில் ஓர் அச்சு. பஞ்ச் மேலும் கீழும் ஓடி, எலி கொறிப்பதுபோல் ஒவ்வொரு அடிக்கும் பிறை வடிவில் ஒரு துணுக்கைக் கடித்தெடுத்துக் கீழே தள்ளும். இரண்டு பக்கத்து ஷீட்டும் வளையாது, நெளியாது. ஷீட்டின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி அது வரும் அழகைப் பார்த்தவர்கள் மறுபடி கிரைண்டரைத் தேட மாட்டார்கள். பொறி கிடையாது, வண்ணம் கருகாது, விளிம்பில் சூடு தெரியாது. மகிதாவின் ஜே.என். 1601 மாதிரியான தனி மெஷின் 1.6 மில்லிமீட்டர் எஃகு வரை வெட்டும். நம் அரை மில்லிமீட்டர் ஷீட் அதற்குச் சாதாரணம்.

தனி மெஷின் வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் டிரில்லிங் மெஷினின் வாயில் மாட்டும் நிப்லர் தலை கிடைக்கிறது. பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளிலும் இருக்கிறது, இணையத்திலும் வாங்கலாம். தனி மெஷினோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. வேகமும் ஆயுளும் குறைவுதான், ஆனால் ஒரு வீட்டு மாடிக்குத் தாராளமாகத் தாங்கும். வாங்கி ஃபேப்ரிகேட்டர் கையிலேயே கொடுத்து, "வேலை முடிஞ்சதும் நீங்களே வச்சுக்குங்க அண்ணே" என்று சொல்லிவிடலாம். ஷீட் விலையில் அது எந்த மூலைக்கு? அடுத்த வீட்டுக் கூரையும் பிழைக்கும். பஞ்சுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வெட்டு போகும் பாதையில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு உலோகம் காணாமல் போகும் என்பதால் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுகிறோம் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நிப்லரின் தொல்லை ஒன்றே ஒன்று, அந்தப் பிறைத் துணுக்குகள். கூர்மை என்றால் அப்படிக் கூர்மை. வெறுங்காலோடு மாடிக்கு வருகிற குழந்தைகளின் பாதத்தில் ஏறும், செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு புதுக் கூரையையே கீறும். ஷீட்டின் பள்ளத்தில் கிடந்தால் துருப்பிடித்துக் கறை போடும். அடியில் ஒரு பழைய படுதாவை விரித்து வெட்டினால் பாதி தீர்ந்தது. மீதிக்குக் காந்தம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டுத் தளம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். பையை உள்வெளியாகத் திருப்பினால் குப்பையில் கொட்டிவிடலாம்.

மின்சார ஷியர் என்று இன்னொன்று உண்டு. ஓரத்தில் இரண்டு அலகு, நடுவில் ஓர் அலகு, நடுவிலிருந்து ஒரு மெல்லிய நாடாவைச் சுருட்டிச் சுருட்டி வெளியே தள்ளும். ஃப்ளாஷிங், காட்டர், தட்டைத் தகடு, ஷீட்டின் நீளவாக்கில் பள்ளத்தோடு போகும் வெட்டு, இதற்கெல்லாம் இதைவிட வேகமும் சுத்தமும் வேறெதிலும் இல்லை. செங்குத்தான மேடுகளைக் குறுக்கே தாண்டச் சொன்னால் திணறும். பெரிய ஷெட் வேலை எடுப்பவர்கள் வாங்கலாம், ஒரு வீட்டுக்கு வேண்டாம். ஜிக்சாவும் வெட்டும், பல் நெருக்கமான உலோக பிளேடு போட்டால். ஆனால் ஷீட் அதிரும், வண்ணம் சில்லுச் சில்லாகப் பெயரும். வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

உலோகத்துக்கென்றே கார்பைடு பல் வைத்த சர்குலர் சா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. முறையான மெஷினில், முறையான பிளேடோடு, நாலைந்து ஷீட்டை அடுக்கிக் கட்டிச் சாய்வு வெட்டு வெட்ட இது நல்ல கருவி. உலோகத்துக்கான சர்குலர் சா மர மெஷினைவிட மெதுவாகச் சுற்றும், நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டி. துகள் எரியாமல் சீவலாக விழும். சத்தம் காதைக் கிழிக்கும் என்பதால் காதடைப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்கவே கூடாது. மர பிளேடைத் திருப்பி மாட்டித் தகடு வெட்டலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள், அந்த வேகத்தில் பிளேடின் பல் தெறித்தால் போகும் திசையை யாரும் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, கிரைண்டரிலோ டைல்ஸ் கட்டரிலோ பல் வைத்த ரம்ப பிளேடை மாட்டுவது. நம் ஊர்த் தச்சு வேலையிலும் ஷீட் வேலையிலும் இது சர்வசாதாரணமாகிவிட்டது. 11,000 சுற்றில் ஒரு பல் ஷீட்டில் கொக்கி போட்டால் மெஷின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உடம்பை நோக்கித் திரும்பும். கழுத்து, தொடை, மணிக்கட்டு எது முதலில் அகப்படுகிறதோ அது. அதிலும் வசதியாக இருக்கட்டும் என்று கார்டைக் கழற்றி வைத்திருப்பார்கள். உங்கள் மாடியில் யாராவது அப்படிச் செய்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

வெட்டும் கோட்டைப் போடுவதிலும் ஒரு விஷயம் உண்டு. கரிய பென்சிலால் கோடு போடக் கூடாது. அதில் இருப்பது கிராஃபைட். வண்ணமில்லாத கால்வால்யூம் பரப்பில் அந்தக் கோடு ஈரத்தோடு சேர்ந்து பூச்சை அரிக்கும். மார்க்கர் பேனாவோ, நூலில் வண்ணப்பொடி தோய்த்துச் சுண்டும் கோடோ போதும். ஷீட்டை வண்ணப் பக்கம் கீழாகக் கவிழ்த்து, அடியில் பழைய போர்வை விரித்து வெட்டினால் மெஷினின் அடித்தட்டு வண்ணத்தைக் கீறாது. கவிழ்த்துப் போடும்போது இடது வலது மாறிவிடும், கோணல் வெட்டாக இருந்தால் இரண்டு முறை யோசித்துக் கோடு போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடம்தான் எல்லா வீட்டிலும் முதலில் ஒழுகுகிறது. கிரைண்டரால் நாலு கோடு இழுத்துச் சதுரமாக ஓட்டை போடுவார்கள். மூலைகளில் வட்டு தேவைக்கு மேலே ஓடியிருக்கும். பிறகு சிலிக்கானை அப்புவார்கள், இரண்டு கோடையில் அது வெடிக்கும். குழாயின் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக வட்டம் வரைந்து, நடுவில் டிரில்லால் ஓர் ஓட்டை போட்டு, அதில் நிப்லரையோ பச்சை ஸ்னிப்பையோ நுழைத்து வட்டத்தைச் சுற்றி வெட்ட வேண்டும். அதன் மேல் ரப்பர் காலர் ஒன்றைக் குழாயில் மாட்டி ஸ்குரூ போட்டால் வருடக்கணக்கில் தாங்கும். முடிந்தால் ஓட்டை ஷீட்டின் மேட்டில் வரட்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். ஏ.சி.யின் தாமிரக் குழாயில் கோத்துச் சொட்டும் தண்ணீரும் இந்த ஷீட்டின் மேல் விழக் கூடாது. தாமிரம் பட்ட தண்ணீர் கால்வால்யூமை அரித்துவிடும். அதற்கு ஒரு பி.வி.சி. பைப் வைத்து வெளியே இழுத்துவிடுங்கள்.

கிரைண்டருக்கும் இந்த வேலையில் இடமிருக்கிறது. கம்பம், ட்ரஸ், பர்லின் எல்லாவற்றையும் அதுதான் வெட்ட வேண்டும். அந்த வேலை, வெல்டிங், ப்ரைமர், பெயின்ட் அத்தனையும் முடிந்து, தளத்தைப் பெருக்கிய பிறகுதான் ஷீட் மாடிக்கு ஏற வேண்டும். ஷீட் போட்ட பிறகு, "கைப்பிடி மட்டும் ஒண்ணு வெல்டு அடிக்கணும் சார்" என்று வந்தால் பொறி விழும் தூரம் முழுக்க ஈரச் சாக்கு போர்த்தச் சொல்லுங்கள். பொறி பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியையும் கீழே நிற்கும் வண்டியையும் விட்டுவைக்காது.

ஆடிக் காற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டித் தென்காசியிலும், ஆரல்வாய்மொழியிலும் அந்த மாதத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தடி ஷீட்டை ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்டும்போது ஒரு வீச்சு வந்தால் ஷீட் பிடித்தவரையும் சேர்த்து இழுக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கையுறையும் கண்ணாடியும் எந்த மாதத்திலும் கட்டாயம். வெட்டிய விளிம்பு பட்டுக் கை கிழிந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடராமல், கழுவிவிட்டு டி.டி. ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

புதுக் கூரைக்காகப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை எந்த மெஷினாலும் வெட்டாதீர்கள், சுத்தியலால் உடைக்காதீர்கள். கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் போய் உட்காரும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்குங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே கிரைண்டரில் வெட்டிப் போட்டுவிட்டார்கள், இப்போது என்ன செய்வது என்பவர்களுக்கு. வேலை முடிந்து சில நாள்தான் ஆகிறது என்றால் இன்றே மேலே போய் மெத்தென்ற துடைப்பத்தால் பெருக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பதியாத துகள்கள் போய்விடும். ஸ்குரூ போட்டபோது விழுந்த சுருள் சீவலும் இதிலேயே போகும், அதுவும் துருப் புள்ளி வைக்கும். பதிந்துவிட்ட புள்ளிகளைக் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் வண்ணமும் போய்விடும். நைலான் பிரஷ்ஷும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போதும், அதற்கு மேல் போகாததை விட்டுவிடுங்கள். கருகிய விளிம்பு முகட்டு மூடிக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்து, தொங்கலிலும் இடம் இருந்தால் நிப்லரால் அரை அங்குலம் கழித்துவிடுவதுதான் நல்ல வைத்தியம். இடமில்லையென்றால் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, துத்தநாகம் கலந்த கோல்டு கால்வனைசிங் பெயின்டை மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பில் மட்டும் ஒரு கோடாக இழுங்கள். மேல்பரப்புக்கு வந்துவிட்டால் அந்த இடம் வெயிலில் வேறு நிறமாக வெளுத்துத் தனியாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஏறிப் பார்த்து, கோடு விட்டுப்போன இடத்தில் மறுபடி இழுத்துவிடுங்கள்.